ஏழாம் கேள்வி

வெள்ளித் தொழுகை முடிந்த பிறகு
ஷார்ஜா, ஸஜா தொழிற்பேட்டை,
பணியாளர் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடம்.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
அதற்குப் பக்கத்தில் நான்,
நாற்பத்தொரு வினாத்தாள், ஒரு பென்சில்.

"இன்றைக்கே ஐம்பது திர்ஹாமா,
ஒரு மாதம் கழித்து நூறா?"

பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்:
விளக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது,
குரல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.
தராசு முள் மாதிரிக் கேட்டேன்.

சாரம் கட்டுகிற சூசைமாணிக்கம்
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"அந்த ஒரு மாசம்
காசு யார் கையில இருக்கும்?"

அதற்குக் கட்டம் இல்லை.
'இன்று' என்பதில் குறியிட்டேன்.
எங்கள் அட்டவணையில் அவர்
பொறுமைக் குறைவு, பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு.
போன வருடம் நான்கு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து
பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கினவர் என்று
பிறகு யாரோ சொன்னார்கள்.
அதுவும் ஒரு தெரிவுதான்.
எங்கள் தாளில் இல்லை.

அடுத்தவர் ஐம்பதை வாங்கி
கையெழுத்தின் மை காயுமுன்
ரீசார்ஜ் கார்டு விற்பவரிடம் நீட்டினார்.

பதினேழாவதாக வந்தவன் பால்வண்ணன்,
இருபத்து மூன்று வயது.
கேள்வி முடியும் முன்னே சொன்னான்:
"நூறுதான்க்கா. நீங்கதானே கொண்டு வருவீங்க?"

தலையாட்டக் கூடாது.
ஆட்டினேனா இல்லையா,
இன்னும் தெரியவில்லை.

முப்பதாம் நாள் உறைகளோடு போனேன்.
ஒப்பந்தம் கைமாறிவிட்டதாம்.
ராத்திரியே பஸ் வந்ததாம்.
ருவைஸ் என்றார் காவலாளி,
இல்லை, ஊருக்கே ஏற்றிவிட்டார்கள் என்றார் சமையல்காரர்.
அவன் எழுதித் தந்த எண்
மூன்று முறை அரபியில் மன்னிப்புக் கேட்டது.
கட்டில்களில் மெத்தை இல்லை.
யாரும் ஊற்றாததால்
வாளி நிறைந்து தரையெல்லாம் ஈரம்.

கட்டுரை வெளியாகிவிட்டது.
மூன்றாம் வரைபடத்தில் அவன் ஒரு புள்ளி,
கோட்டுக்குச் சற்று மேலே,
பகுத்தறிந்து தேர்ந்தவர்கள் பக்கம்.

நெறிமுறைக் குழு படிவம் அனுப்பியிருக்கிறது.
வழங்கப்படாத தொகையைத்
திருப்பிச் செலுத்துகிறீர்களா,
வைத்திருக்கிறீர்களா?
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

பதினோரு நாளாக
பென்சிலைச் சீவிச் சீவி வைக்கிறேன்.
இழுப்பறையைத் திறந்தால் உறை,
மேலே என் கையெழுத்தில் அவன் பெயர்.

சூசைமாணிக்கம் அண்ணே,
என் கையிலதான் இருக்கு.