நாலு மணிக் காற்று

சூலூர்ப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயரை விற்றவர்
பொய் சொல்லவில்லை.
"எடம செவி கொஞ்செம் மந்தம், அந்தே" என்றார்.
அந்த அந்தேவுக்காக அறுநூறு குறைத்தார்.
ஒன்பது கிலோ. மடியில் வைத்துக்கொண்டு
ஆரம்பாக்கத்தில் இறங்கினேன்.
தடா தாண்டியதும் மாநிலம் மாறியது,
கால் மரத்தது மாறவில்லை.

காலையில் இரண்டு ஸ்பீக்கரும் பாடும்.
நாலு மணிக்கு ஏரிக்காற்று கிளம்பும்.
பழவேற்காட்டு உப்பு ஜன்னல் கம்பியை நக்கிவிட்டு
உள்ளே வரும்.
இடது பக்கம் முதலில் கரகரக்கும்,
பிறகு வாய் நிறைய வெற்றிலை வைத்திருப்பவர் மாதிரி
ம்ம் மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.
முனிரத்தினம் அதன் தலையில் ஒன்று வைப்பார்.
சில நாள் பேசும்.
அடிக்குப் பேசுகிறது எத்தனை நாள் பேசும்?

ஞாயிறு எனக்கு ஷிஃப்ட் இல்லை.
பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டர் வடியட்டும் என்று
ஒரு டீ குடித்து முடித்தேன்.
ஸ்ரீசிட்டியில் நாளுக்கு எண்ணூறு போர்டு பார்க்கிற கண்.
மூடியைக் கழற்றினால்
தூசி, பல்லிமுட்டை ஓடு,
எந்த ஓட்டைக்கும் சேராத ஒரு திருகாணி.

பின்பக்கச் சாக்கெட்டுகளில் பச்சை.
பாசி அல்ல,
செம்பு உப்புக்கு எழுதிக்கொடுத்த ரசீது.
காது குடையும் பஞ்சை ஐசோபுரொப்பைலில் நனைத்து
சுற்றிச் சுற்றி எடுத்தேன்.
முதல் பஞ்சு கறுப்பு, அடுத்தது பழுப்பு,
எட்டாவது போன மாதிரியே திரும்பியது.
ஸ்பீக்கர் ஒயரின் நுனியை வெட்டிப்
புதுச் செம்பு தெரியச் சீவினேன்.
ஃபியூஸின் இரண்டு தொப்பிகள்.
வால்யூம் குமிழுக்குள் ஒரு பீய்ச்சல், முப்பது திருகல்.
ரிலேயின் உதடுகளுக்கு நடுவே
ஈரக் காகிதக் கீற்று ஒன்றை விட்டு இழுத்தபோது
"உப்புத்தாள் தரட்டுமா?" என்றார் முனிரத்தினம்.
இருக்கிற உப்பு போதும் என்றேன்.
தேய்த்தால் கறை போகும்,
கறைக்கு அடியில் இருக்கிற வெள்ளியும் போகும்.

மூடினேன். நாலு மணி. காற்று.
இடது பக்கம் ஒரு வார்த்தை இல்லை.

ஆறு மணிவரை யாரோடும் பேசவில்லை.
பிறகு ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகினேன்.
மௌனம் வலது பக்கம் போய் உட்கார்ந்தது.
சரி, ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை.
மறுபடி மாற்றினேன்.

முகப்பின் மூலையில் ஒரு பொத்தான்:
டேப் மானிட்டர்.
எங்களிடம் டேப் கிடையாது.
தொடாதது எப்படிப் பழுதாகும் என்று
துடைக்காமல் தாண்டிய பொத்தான்.
பாட்டு மொத்தமும் அதற்குள் நுழைந்துதான்
வெளியே வருகிறது.
சத்தத்தைக் குறைத்து வைத்து
அமுக்கினேன், விட்டேன், அமுக்கினேன்.
பதினொன்றில் ஒரு கொறிப்பு.
பத்தொன்பதில்
இடது பக்கம் திறந்தது.

முதலில் வந்தது பாட்டு இல்லை.
பாடுகிறவளுக்குப் பின்னால், ஒலிப்பதிவு அறையில்,
யாரோ நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம்.
அடுப்படியிலிருந்து முனிரத்தினம்
"யாரு வந்திருக்கா?" என்றார்.

இப்போது வீட்டில் இருக்கும் நாளெல்லாம்
மூன்றே முக்காலுக்கு
அந்தப் பொத்தானை நாலு தடவை அமுக்குகிறேன்,
காற்றுக்கு முந்தி.
மிஞ்சிய திருகாணியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
ஏற்கெனவே
சிவக்கத் தொடங்கியிருக்கிறது.