ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

பொன்மனை கழிந்து
முட்டைக்காட்டுக்கு முன்னால் ஒரு கலுங்கு.
வருஷத்துக்கு ஒருக்க, சிவராத்திரி ஓட்டத்தில்,
நானும் ஸ்ரீகண்டன் அத்தானும்
அதில்தான் உட்காருகிறோம்.
சொல்லி வைத்ததில்லை.
முதலில் வருகிறவன் விசிறியைப் பக்கத்தில் போட்டு
இடம் பிடிப்பான்.

இந்த வருஷம் அவர்தான் முதலில்.
"என்னடே, திற்பரப்பில உறங்கிப்போனியா?"
காலை நீட்டினேன்.
குதிகாலில் கொப்புளம் உடைந்து
தார்ரோட்டின் மணல் ஒட்டியிருந்தது.
யாரோ வீட்டு வாசலில் கொடுத்த சுக்குவெள்ளம்
தொண்டையில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
சுற்றிலும் ரப்பர் இலையுதிர்த்து
செம்புநிறத்தில் துளிர்த்து நிற்கிறது.
பால்வெட்டு கிடையாது.
சிரட்டைகள் மரத்து மரம் கவிழ்ந்து கிடக்கின்றன.

பத்மநாபபுரம் கோர்ட்டில் தீர்ப்பு வந்து
பதினோரு வருஷம்.
அக்காளுக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
அத்தான் என்ற சொல்லை என்ன செய்வதென்று
அதில் எழுதியிருக்கவில்லை.
ஏழாவது கோயிலுக்குப் போகும்போது
அந்தக் கோர்ட்டைத் தாண்டணும்.
அங்கே மட்டும் இரண்டு பேரும்
கொஞ்சம் வேகமாகவே ஓடுவோம்.

"அம்மைக்குக் கண் ஆபரேஷன் செய்தாச்சு.
இப்போ எல்லாம் தெளிவாத் தெரியுது,
அதனால எல்லாத்துக்கும் குற்றம் சொல்லுதா."
"ரெகுவுக்க மோன் கத்தாருக்குப் போனான்,
நாலே மாசம், திரும்பி வந்துட்டான்.
கேட்டா, சூடாம்."
நான் என் பையன் கணக்கில் தோற்றதைச் சொன்னேன்.
பலாமரத்தின் கொம்பு முறிந்து
பக்கத்து வீட்டு மதிலில் விழுந்ததைச் சொன்னேன்.
மதிலுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்றார்.
ஆறாயிரம்.
"கூடுதல்டே."

அப்புறம் சும்மா இருந்தார்.
"வீட்டில?" என்றார்.
எந்த வீட்டில் என்று நான் கேட்பதில்லை.
அவள் பெயரை அவர் சொல்வதில்லை.
"சுகம்தான். சுகர் மாத்திரை இப்போ ஒண்ணுதான்."
"ம்."

ரோட்டில் ஒரு கூட்டம் போனது.
முன்னால் போனவன் கோவிந்தா என்றான்,
பின்னால் வந்தவர்கள் கோபாலா என்றார்கள்.
நாங்களும் உட்கார்ந்தபடியே கோபாலா என்றோம்.

இடுப்புப் பையை அவிழ்த்தேன்.
சில்லறை, திருநீறு,
நேற்று மாலை நிமிஷா திணித்த பத்திரிகை.
மாமா, ஓட்டத்தில யாரையாவது கண்டா
கொடுங்க என்றாள்.
யாரை என்று சொல்லவில்லை.
வியர்வையில் மஞ்சள் ஊறி
ஒரு மூலை முழுவதும் குழைந்திருந்தது.

கண்ணாடி கொண்டுவரவில்லை, நீயே வாசி என்றார்.
வாசித்தேன்.
சித்திரை பன்னிரண்டு. தக்கலையில் மண்டபம்.
மாப்பிள்ளை கருங்கல்காரன், மின்வாரியத்தில் வேலை.
பிறகு அந்த வரி:
ஸ்ரீகண்டன் – லலிதகுமாரி தம்பதியரின் மகள்.

"அதை ஒருக்கக் கூடி வாசி."

வாசித்தேன்.
புரூஃப் வந்த அன்றைக்கு அக்கா
மண்டபத்தின் பெயரில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தாள்.
வேறெதையும் தொடவில்லை.
இதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து,
சொல்லவில்லை.

வருவீர்களா என்றும் கேட்கவில்லை.
"மின்வாரியம் நல்ல வேலைதான்" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"மழைக்காலத்தில ராத்திரி பகல் கிடையாது.
அவளுக்குத் தெரியுமா?"
"அவளுக்கும் நைட் டியூட்டிதான் அத்தான்.
நர்ஸ் இல்லியா."
"ஓ. ஆமா."

பத்திரிகையைப் பையில் வைக்கவில்லை.
இடுப்பு நனைந்திருக்கிறதே.
பனையோலை விசிறியின் விளிம்பைக் கொஞ்சம் பிரித்து
உள்ளே செருகினார்.
எழுந்தபோது அவர் முட்டு சொடுக்கியது,
என்னுடையதும்.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது.
பன்னிப்பாகம் வரை
கழுத்திலும் முதுகிலும் வடிந்தது அவருக்கு.
ஒரு தடவைகூட வீசிக்கொள்ளவில்லை.
சந்நிதியில் மட்டும்
எல்லாரோடும் சேர்ந்து சாமிக்கு வீசினார்,
மெதுவாக,
மறுகையால் விளிம்பை அமர்த்திப் பிடித்துக்கொண்டு.