ஓடும் சத்தம்

மைதீன்பிச்சைக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம்.
ராத்திரி ஒன்றேமுக்காலுக்குப் போன் அடித்தால்
என் குரலுக்குப் பின்னால்
இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க வேண்டும்.
ஜி.பி.எஸ்ஸுக்கு முதலாளி ரீசார்ஜ் பண்ணவில்லை.
அந்தக் காசும் மிச்சமென்று
காதாலேயே வண்டி ஓட்டுகிறது ஆபீஸ்.

கடையத்துக் கிரஷரில் எம்-சாண்ட்.
பாஸில் எழுதியது ஒரு எடை
பாடியில் ஏறியது வேறு எடை.
பிடிபட்டால் ஃபைன் என் பேட்டாவில்.
பிடிபடாவிட்டால் அது யார் கணக்கில் என்று
நான் கேட்டதில்லை.
கேட்ட வேலாண்டி
இப்போது இலஞ்சியில் ஆட்டோ ஓட்டுகிறான்.

ஆவணியோடு கிளீனரை நிறுத்திவிட்டார்கள்.
ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால்
கட்டை போட நான் இறங்க வேண்டும்.
நான் இறங்கிவிட்டால்
பிரேக்கை மிதிக்க ஆளில்லை.

வைப்பர் இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது,
அதுவும் கிளீனர் பக்கம்.
புளியரைச் சாரலில்
இல்லாத ஆளுக்கு ரோடு நன்றாகத் தெரிகிறது.
நான் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து
அவன் கண்ணாடியில் கொஞ்சம் கடன் வாங்கி
எஸ் வளைவு ஏறுகிறேன்.

பிரேக் லைனிங் தேய்ந்த விஷயத்தை
முதலாளியிடம் சொன்னேன்.
மைதீன்பிச்சையிடம் இரண்டு தடவை.
கோட்டைவாசல் கருப்பசாமிக்கு
ஒரு ரூபாய் வீசும்போதெல்லாம் சொல்கிறேன்.
மூன்று பேரில்
அவர்தான் இதுவரை
மறுத்து எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கு, இரண்டு நாளில் நாலாவது நடை.
லோடு பின்னால் இருந்தது
மணல் கண்ணுக்குள் இருந்தது.
ஆரியங்காவு தாண்டி ஓரங்கட்டினேன்.
சீட்டில் ஸ்பிரிங்,
ஸ்பிரிங்மேல் சிமெண்டுச் சாக்கு,
சாக்குமேல் நான்.
கண் மூடியிருக்காது,
போன்.

முன்னால் தங்கச்சனின் வண்டி.
புனலூர்க்காரன்.
செல்ஃப் போய் இரண்டு மாதம்,
அணைத்தால் தள்ள நாலு பேர் வேண்டும்.
அதனால் அணைப்பதேயில்லை.
டீ குடிக்கையில், குளிக்கையில், தூங்கையில்
அவன் காசில் டீசல் எரிந்துகொண்டேயிருக்கும்.
அந்த வழியில் நிற்கிற எங்களுக்கெல்லாம்
அவன்தான் சத்தம்.
செருப்பில்லாமல் ஓடிப்போய்
அவன் பானட்டில் சாய்ந்து எடுத்தேன்.

"எங்க நிக்கெ?"
"நிக்கல பாய். தென்மலை எறக்கம்."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
மழை மட்டும்.
பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்:
"எலேய், அது பத்து வீலு.
நம்ம வண்டி இப்படி இருமாது.
ஏழு வருசம் நான் ஓட்டுன வண்டிடே."

தங்கச்சனின் இன்ஜின் சூடு
சட்டை வழியாக முதுகில் ஏறியது.
மைதீன்பிச்சையின் குரலுக்குப் பின்னாலும்
ஒரு சத்தம் கேட்டது:
மேஜைமேல் இன்னொரு போன்
அடித்து, நின்று, மறுபடி அடித்தது.
அவன் எடுக்கவில்லை.

"அஞ்சு மணிக்குப் புனலூர்ல இருக்கணும்."
கட்.

தூங்கினேன்.
கனவில்லை, கொசு தெரியவில்லை.
தங்கச்சன் கதவில் அறைந்தான்:
"மூணர ஆயி, எணீக்கெடா இசக்கி."

சனிக்கிழமை பேட்டாச் சீட்டு வந்தது.
லேட் – 200.
மைதீன்பிச்சையின் சாய்ந்த கையெழுத்து.
தென்காசி பஸ் ஸ்டாண்டு பின்னால்
அந்தக் காசுக்கு
ஃபேனோடு கட்டில் கிடைக்கும், ராத்திரி முழுக்க.
எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்.
திட்டத்தான் போன் போட்டேன்.
திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை லோடு ஏறும்போது
சீட்டை நீட்டிக்கொண்டே
முகம் பார்க்காமல் கேட்டான்:
"அந்தப் பத்து வீல்காரன்
செல்ஃப் மாட்டிட்டானா?"
இல்ல பாய், என்றேன்.
"ம்" என்றான்.
அடுத்த நடைக்கு
டைம் சொன்னான்.