கால்சட்டைப் பைக்குள் சாவி

மணிக்கு இவ்வளவு என்று பேசி
என்னை அழைத்திருந்தது டோர்ஸ்ஹாவன் நீதிமன்றம்.
எளிய வேலை என்றார்கள்.
இடப்பக்கம் சுன்வோரின் நாவல்,
வலப்பக்கம் ஹெர்கெய்ரின் பொம்மலாட்டப் பிரதி.
பழங்கதையில் உள்ளதற்கு நீலக்கோடு.
நாவலாசிரியர் தாமே நெய்ததற்குச் சிவப்பு.
இரண்டு பென்சில். ஒரு வாரம்.

ஜனவரி இரவொன்றில் கடல்நாய்கள் கரையேறி
தோல் கழற்றிப் பெண்களாய் ஆடும்: நீலம்.
ஒருவன் ஒரு தோலைத் திருடுவான்: நீலம்.
தோலிழந்தவள் அவன் பின்னே நடப்பாள்.
பெட்டிக்குள் தோல், அவன் பைக்குள் சாவி,
பிள்ளைகள், வருடங்கள்: நீலம், நீலம்.
வேறு கால்சட்டை மாட்டிக்கொண்டு
அவன் படகேறிய நாளில்
அடுப்பை அணைத்துவிட்டு
கத்திகளை ஒளித்துவிட்டு
(பிள்ளைகள் தனியே இருக்கப்போகிறார்களே)
அவள் கடலுக்குப் போவாள்.
அந்த அடுப்பும் அந்தக் கத்திகளும்கூட நீலம்தான்.
யாரோ ஒருத்தி, எந்த நூற்றாண்டிலோ,
கத்திகளை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.
அவளுக்கு யாரும் காசு தரவில்லை.

மூன்றாம் நாள் என் பென்சில் நின்றது.
இரண்டு பிரதியிலும்,
தோலை எடுத்தவள் வெறும் பெட்டியைப் பூட்டி
சாவியை அந்தப் பழைய கால்சட்டைப் பைக்குள்ளேயே
திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள்.
வீடு திரும்புகிறவன், பிள்ளைகள் குளிரில் அழ,
முதலில் அந்தப் பையைத்தான் தொட்டுப்பார்க்கிறான்.
இருக்கிறது.
எங்கே போய்விடுவாள் என்று
உட்கார்ந்து காலணியைக் கழற்றுகிறான்.

காப்பகத்தில் தேடினேன்.
ஒன்பது ஊர், முப்பத்தொரு பிரதி.
எல்லாவற்றிலும் பெட்டி திறந்து கிடக்கிறது,
சாவி பூட்டில் தொங்குகிறது.
அப்படியானால் சிவப்பு.

ஹெர்கெய்ர் சத்தியம் செய்து சொன்னார்:
அம்மணியின் நாவலை நான் புரட்டியதுகூட இல்லை.
ஐஸ்லாந்துப் பக்கம் மீனுக்குப் போன கப்பலில்
இயந்திர அறைக்காரன் சொன்ன கதை.
அவனுக்கு அவன் மாமன் சொன்னதாம்.
மாமனுக்கு யார் சொன்னார்களோ.
பழங்கதை, ஐயா. எவர் அப்பன் வீட்டுச் சொத்து?

சுன்வோர் எழுந்தார்.
பதினோரு வருடத்துக்கு முன். பிப்ரவரி.
மருத்துவமனைத் தாழ்வாரம், இயந்திரத்துக் காப்பி.
உள்ளே போன கணவரின் கோட்டு என் மடியில்.
அதன் பையிலிருந்து வீட்டுச் சாவி தொடையில் குத்தியது.
அப்போது தோன்றியது.
நாவல் வருமுன் ஒருமுறை வானொலியில் வாசித்தேன்,
அவ்வளவுதான்.

வானொலி. மாமன். இயந்திர அறை. பொம்மை.
காப்பி ஆறுவதற்குள் ஒருத்திக்கு உதித்தது
பதினோரே வருடத்தில் கிழடு தட்டி
பெயர் உதிர்ந்து
முப்பத்திரண்டாம் பிரதியாய் என் மேசைக்கு வந்திருக்கிறது.
எழுதுகிறவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்
என்று நினைத்தேன்.
என் வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது.
நினைத்ததைத் திருத்திக்கொண்டேன்.

தீர்ப்பு:
கடல்நாய், தோல், பெட்டி எல்லோருக்கும் பொது.
திரும்பி வைக்கப்பட்ட சாவி சுன்வோருடையது.
எட்டாயிரம் குரோனர்.
இனி எந்த மேடையிலும் அவர் அனுமதியின்றி
அந்தச் சாவி பைக்குத் திரும்பக் கூடாது.

கிளாக்ஸ்விக்கில் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன்.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்,
நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடை.
பொம்மை தோலை எடுத்தது.
பெட்டியைத் திறந்தே விட்டது.
தீர்ப்பின்படி வெறுங்கையோடு வாசலில் நின்றது.

முன்வரிசைப் பொடிசு ஒன்று
"சாவி!" என்று கத்தியது.
பிறகு மூன்று பேர். பிறகு கூடம் முழுக்க.
"பைக்குள்ள வை! பைக்குள்ள வை!"
திரைக்குப் பின்னால் ஹெர்கெய்ரின் கை நடுங்குவது
பொம்மையின் தோளில் தெரிந்தது.

கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், சுன்வோர்.
தீர்ப்பை மீறுகிறாரா என்று பார்க்க வந்தாரோ என்னவோ,
மடியில் குறிப்பேடு இருந்தது. மூடியபடி.
அவர் வாயும் அசைந்தது.
சாவி என்றாரா, என்னுடையது என்றாரா,
அத்தனை இரைச்சலில்
எனக்குக் கேட்கவில்லை.