கையிருப்பு

கீழவாசலில் பத்தொன்பது வருடமாகத் தோட்டா விற்கிறேன்.
ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.
எடை தெரியும், விலை தெரியும்,
எந்த உரிமத்துக்கு வருடம் எத்தனை என்று தெரியும்.
சத்தம் மட்டும் தெரியாது.

ஆனியில் ஒருநாள் தையல்நாயகி வந்தார்.
நடுப்படுகை. கொள்ளிடக் கரைக்கு உள்பக்கம்
மூன்று ஏக்கர் கரும்பு, அரை ஏக்கர் பூவன்.
மஞ்சள் பையிலிருந்து முதலில் ஒரு சீப்புப் பழம்,
அப்புறம் உரிமப் புத்தகம்,
அப்புறம் பாவாடைத் துணியில் சுற்றிய
பாயின்ட் முப்பத்திரண்டு ரிவால்வர்.
ரைஸ்மில் பணம் கொண்டுபோக வீட்டுக்காரர் வாங்கியதாம்.
அவர் இல்லை.
பெயர் மாற்றப் பதினான்கு மாதம்.

"பன்னிக்கு எது கேக்கும் தம்பி?"
மருந்துக் கடையில் கேட்பதுபோலக் கேட்டார்.

மும்முனைக் கரண்டு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் விடுகிறார்கள்.
மோட்டார் கொட்டகைக்கு நாணலுக்குள் நடக்கணும்.
ஒரு கை டார்ச்சுக்கு.
போன வாரம் பக்கத்துக் கொல்லைப் பூங்கோதை மகனுக்குத்
தொடையில் இருபத்திரண்டு தையல்.

கண்ணாடிமேல் இரண்டை வைத்தேன்.
இது வெறும் ஈயம், உருண்டை மூக்கு.
இது செம்புச் சட்டை போட்டது.
உள்ளே போய் விரிகிற ரகம் உண்டாமே என்றார்.
விரிந்தால் ஆழம் போகாது என்றேன்.
கிடாப்பன்றியின் தோளில்
தோல் தடித்துக் கேடயமாய் இருக்கும்,
மேலே சேறு காய்ந்து இன்னொரு கேடயம்.
அதெல்லாம் தாண்டி எலும்பைத் தொடணும்.

மரியசூசை முதலாளி கல்லாவிலிருந்து தலை தூக்காமல்
"மனுசனுக்கே பத்தாதும்மா அது" என்றார்.
"இருக்கறத வச்சுத்தானே" என்றார் அவர்.

எங்கள் அலமாரியில் இருப்பதெல்லாம்
மனிதர்களை நினைத்து அளந்தவை.
நோக்கம் என்ற கட்டத்தில் தற்காப்பு என்று எழுதுவோம்.
யாரிடமிருந்து என்று எழுத இடம் கிடையாது.

எனக்கு வேறு கவலை.
ஐப்பசியில் உப்பு ஜாடி அழுகிற ஊர் இது.
பெட்டிக்குள் இருந்தபடியே பித்தளை பச்சை பூக்கும்.
எவ்வளவு ஆழம் போகும் என்பது அப்புறம்,
முதலில் அது வெடிக்கணும்.
புதுப் பெட்டி பிரித்தேன்.
ஒவ்வொன்றாய் விளிம்பைத் தடவி
அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப்
பத்து எடுத்தேன். ஈயம்தான்.
அரிசி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள் என்றேன்.
கையெழுத்து வாங்கினேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்கழியில் திரும்ப வந்தார்.
வெற்றுக்கூடு ஐந்து. எல்லாம் ஆகாசத்தைப் பார்த்து,
விரட்டுவதற்கு.
ஆறாவது கனமாக இருந்தது.
அடியில் ஊசி குத்திய பள்ளம்.
உள்ளே மருந்து அப்படியே.

"இது மட்டும் அதுக்குன்னே அமுக்குனது."
ஆறடி இருக்குமாம்.
ஏழு குட்டி, பின்னால் தாய்,
டார்ச்சில் ஈர மூக்கு மட்டும்.
"டிக்குன்னுச்சு.
அது காதை ஆட்டிச்சு.
நானும் நின்னேன், அதுவும் நின்னுச்சு.
அப்பறம் குட்டிங்கள எண்ணுற மாதிரி பாத்துட்டு
நாணலுக்குள்ள போயிடுச்சு."

"மாத்தித் தருவீங்களா?"
எரியாத பல்பைக் கொண்டுவந்து கேட்பதுபோல.
கோபமே இல்லை.

நான் பொறுக்கிய பத்தில் ஒன்று.
பதிவேட்டில் செலவு, கையிருப்பு, இரண்டு பத்திதான்.
செலவாகவில்லை.
கையிருப்பில் சேர்க்கவும் மனசில்லை.
"கம்பெனிக்கு எழுதணும்" என்றார் மரியசூசை.
யாரும் எழுதவில்லை.

புதிதாக ஒன்று தந்தேன்.
விளிம்பைத் தடவி
அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து,
"நல்லாத்தான் தெரியுது" என்றார் தையல்நாயகி.
அதுவும் அப்படித்தான் தெரிந்தது.

பள்ளம் விழுந்தது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
சில்லறைக்காக இழுக்கும்போதெல்லாம்
உருண்டு வந்து மரத்தில் முட்டும்.
டிக்.