இரண்டு மேசை

கடை முகப்பில் பெருக்கல் குறிபோல
இரும்பை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
இரண்டு மேசை போச்சு.
மேசைக்கு நாலு பேர், பசியாற ஆளுக்கு ஆறு வெள்ளி,
நாற்பத்தெட்டு. ஒரு நடைக்கு.
காலையில் மூன்று நடை.

நகராண்மைக் கழகத்து இஞ்சினியர் நூருல் இஸ்ஸாத்தி
கணக்கைப் பொறுமையாகக் கேட்டாள்.
தே ஓ குடித்தாள். காசு வைத்தாள்.
"மேலே என்ன?"
டியூஷன் என்றேன்.
மாடிக்குப் போகவில்லை அவள்.
படியடியில் கிடந்த செருப்புகளை எண்ணினாள்:
முப்பத்தெட்டு ஜோடி, ஒன்று ஒற்றை.
நோட்டில் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

எதிரே முன்பு கடைவரிசை இருந்தது.
அந்தச் செவ்வாய்க்கிழமை
அது கவிழவில்லை, சாயவில்லை,
உட்கார்ந்தது.
பாரவண்டி மாடு முன்னங்கால் மடிப்பதுபோல.
மாடியில் தவுக்கே லியோங்கின் மீன்தொட்டி
உடையாமல் தெருமட்டத்துக்கு வந்து நின்றது,
மீன் நீந்திக்கொண்டிருந்தது.
கீழே முடிதிருத்தும் சிங்காரம்,
அவன் நாற்காலியில் பாதி முகம் சோப்போடு ஒருவர்.
வடக்குத் தோட்டத்துக் கிராணி என்று
தெரியவே இரண்டு நாளாயிற்று.

முகப்பு அகலமானால் வியாபாரம் என்று
சுவரை இடித்தவர்கள்தான் எல்லாரும்.
நானும்.
சம்மட்டிக்காரனுக்குக் கூலி என் கையால் கொடுத்தேன்,
மேலே ஒரு கோழிப் பொரியலும்.

இப்போது அங்கே தூண்களுக்குக் கம்பி எழும்புகிறது.
ரஃபிகுல் ஒவ்வொரு வளையத்தின் முனையையும்
உள்ளே பார்த்து மடக்குகிறான்.
பாதி மடக்கினால் போதும் என்ற மேஸ்திரி
எழுபது வளையத்தை அவிழ்க்க வேண்டியதாயிற்று,
இஸ்ஸாத்தி மழையில் நின்று பார்த்தாள்.
குலுங்கினால் வெளிமுனை திறந்துகொள்ளுமாம்,
உள்முனை பிடித்ததை விடாதாம்.
நாளைக்குச் சிமெண்டு ஊற்றியபின்
எது எப்படி மடங்கியது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?
ரஃபிகுலுக்குத் தெரியும். டீ கொண்டுபோன எனக்கும்.

பெருக்கல் குறியில் ஹெல்மெட் தொங்குகிறது,
ஆலைக்காரர்களின் மழைக்கோட்டு சொட்டுகிறது.
ஒரு பொடியன் ஏறி உட்கார்ந்து ரொட்டி தின்கிறான்.
அதட்டினால் இறங்குவான். திரும்பினால் ஏறுவான்.

நேற்று அந்தியில் கிளாசுகள் கிணுகிணுத்தன.
எல்லாரும் பேச்சை நிறுத்தி
மேசைமேல் உள்ளங்கை வைத்தோம்.
செம்பனைக் குலை லோரி.
லோரிதான்.
மேலே பதின்மூன்றாம் வாய்ப்பாடு,
ஏழில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து.

வாடகையைக் குறைக்கச் சொல்லி
லியோங்குக்கு இன்னொரு கடிதம் போடவேண்டும்.
இரண்டு மேசை என்றால் இரண்டு மேசைதானே.