கழித்தல்

முதலில் காலுறையில்தான் பார்த்தேன்.
வெள்ளைத் துணியில் மூன்று மிளகுப் பொடி.
குனிந்தேன்.
ஒரு மிளகு தாவியது.

செத்தூபலில் ஜூன் பிறந்துவிட்டால்
மத்தி சுடும் புகை நாலாம் மாடிவரை ஏறும்.
"தெள்ளும் கூடவே ஏறும்" என்றான்
இரண்டாம் மாடி கஸ்பார்.
எதற்கும் கையில் மருந்து வைத்திருப்பவன்.
முப்பது கிலோ சுல்தானுக்கு வாங்கிய சொட்டு மருந்து
பாதி மிச்சம், பெட்டியோடு தந்தான்.
"உன் பூனைக்கு நாலில் ஒரு பங்கு விடு, போதும்.
தெள்ளுக்கு என்ன தெரியும்,
கடிப்பது நாயையா பூனையையா என்று?"

நியாயமாகத்தான் பட்டது.
அதோடு, ஓசி.
கடை மருந்து பத்தொன்பது யூரோ,
அதற்கு நான் படகில்
அரை நாள் கயிறு இழுக்க வேண்டும்.

ஃபரீன்யா சமையல் மேசையில் படுத்திருந்தாள்.
(மாவு என்று அர்த்தம். அப்படித்தான் இருப்பாள்.)
பிடரி மயிரை விரலால் வகிர்ந்துவிட்டு
பெட்டியை ஒருமுறை பார்த்தேன்.
ஓரத்தில் நகத்தளவு பூனைப் படம்.
பூனைக்கும் உண்டு போலிருக்கிறது, நல்லது.
படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு,
மீசை என்று நினைத்தேன்.

மீசை ஏன் சிவப்பு?

கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள்
அவள் மேசையை விட்டு இறங்கிப் போயிருந்தாள்.
குழலை மூடினேன்.
மூடி பொருந்த மூன்று முறை முயன்றேன்.

மருந்துக்கடை பெலிஷ்மீனா நிமிரக்கூட இல்லை.
"பெர்மெத்ரின்" என்றாள்,
பேருந்து எண்ணைச் சொல்வதுபோல.
"தெள்ளு ஒன்றுதான். ஈரல் வேறு.
நாயின் ஈரல் உடைத்து வெளியே தள்ளிவிடும்.
பூனையின் ஈரலுக்கு அதை உடைக்கத் தெரியாது.
முதலில் காது துடிக்கும்,
அப்புறம் உடம்பு மொத்தமும்.
நாலில் ஒன்றும் வேண்டாம்,
நாற்பதில் ஒன்றும் வேண்டாம்."

அப்படியானால் மூலிகை எண்ணெய் ஏதாவது,
இயற்கையானதாக, என்று இழுத்தேன்.
"அரளியும் இயற்கைதான்" என்றாள்.
பிறகுதான் நிமிர்ந்தாள்.
"பூனை எடை?"

ஆறு வருடமாக என் வயிற்றின் மேல் தூங்குகிறாள்.
எடை தெரியாது.

குளியலறைத் தராசில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்:
எண்பத்து நாலு புள்ளி மூன்று.
தனியாக நின்றேன்:
எண்பது புள்ளி ஐந்து.
என்னைக் கழித்தேன்.
மூன்று கிலோ எண்ணூறு,
அவ்வளவுதான் அவள்.
என் இடது பூட்ஸ் ஜோடியோடு சேர்ந்தால்
ஏறக்குறைய அந்தக் கனம் வரும்.

பூனைக்கென்றே செய்தது, அந்த எடைக்கென்றே அளந்தது,
நாக்கு எட்டாத பிடரியில், தோலில் படும்படி, ஒரே குழல்.
விரிப்பு, மெத்தை உறை, அந்தக் காலுறை
எல்லாம் கொதிநீரில்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
காதைப் பார்த்தேன்.
துடித்தது.
ஓர் ஈ.

மறுநாள்தான் உறைத்தது:
சாயங்காலமானால் படிக்கட்டில்
சுல்தானின் முதுகில் தலையைத் தேய்ப்பாளே,
அதே ஈர மருந்து முதுகில்.
கஸ்பாரின் கதவைத் தட்டிச் சொன்னேன்.
"என் நாய் விஷமா?" என்றான்.
கதவு சாத்திக்கொண்டது.

ஒன்பது நாள் பேச்சில்லை.
ஃபரீன்யா எங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
என்னைத் திட்டினாள்.
கீழே சுல்தானின் மூக்கு
கதவிடுக்கில் காற்றை உறிஞ்சுவது
நாலாம் மாடிவரை கேட்டது.

பத்தாம் நாள் மருந்துக்கடையிலிருந்து போன்.
கஸ்பார்.
"இங்கே நாய்க்கு மாத்திரையும் இருக்கிறதாம்.
பூனை உரசினாலும் ஒன்றும் ஆகாதாம்.
ஆனால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது,
இவள் சொல்வதை நான் எப்படி நம்புவது?"

"பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நில்"
என்று சொல்லிவிட்டு
கண்ணாடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.